பிள்ளையைக் குழுவில் சேர்க்கும் முன்…

வீட்டுக்கு உறவினர் வந்தால் பதினான்கு வயதுப் பையன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். பள்ளியிலும் மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுகிறான். "வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்" என்கிறார் பாட்டி. சில பிள்ளைகளுக்குச் சரியாகவும் ஆகிறது. ஆகாத பிள்ளைகளுக்காகவே விளையாட்டு, நாடகம், ஓவியம் வழியாகப் பழகக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சைக் குழுக்கள் இருக்கின்றன. ஆட்டிசமோ அதீதக் கூச்சமோ உள்ள வளரிளம் பருவத்தினருக்கு இவை கைகொடுக்கும்.

"தெருவில் விளையாடினால் போதாதா, இதற்குப் பணம் வேறு கட்ட வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தெருப் பிள்ளைகளோடு சேர முடியாமல் திரும்பி வந்த பிள்ளைக்கு அது பதிலாகாது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெகாஃப் உருவாக்கிய லெகோ சிகிச்சையைப் பாருங்கள். இதைப் பற்றிய ஆய்வை அவர் 2004-இல் வெளியிட்டார். மூன்று பிள்ளைகள், ஒரு பெட்டி லெகோ பொம்மைக் கட்டைகள். ஒருவரிடம் வரைபடம் மட்டும் இருக்கும். இன்னொருவர் கட்டைகளை எடுத்துக் கொடுப்பார். மூன்றாமவர் பொருத்துவார். கேட்காமலும் சொல்லாமலும் காத்திருக்காமலும் அங்கே எதுவும் உருவாகாது. பிறகு வேலைகளை மாற்றிக்கொள்வார்கள். "பேசு, பேசு" என்று அதட்டினால் வாயே திறக்காத பிள்ளை, "அந்தச் சிவப்புக் கட்டையைக் கொடு" என்று தானாகக் கேட்டுவிடும்.

ஆனால் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தாலே நன்மை வந்துவிடாது. தாமஸ் டிஷியனும் அவருடைய சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அடங்காத நடத்தையுள்ள பிள்ளைகளை ஒரே குழுவில் சேர்த்தால் சிலருக்கு நடத்தை இன்னும் மோசமாகலாம் என்று எச்சரித்தது. ஒருவன் செய்த சேட்டைக்கு மற்றவர்கள் சிரிக்கிறார்கள்; அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசாகிவிடுகிறது. எனவே எத்தனை பிள்ளைகள், என்ன வயது, யார் யாரோடு சேர்க்கப்படுகிறார்கள், எத்தனை பெரியவர்கள் கூட இருப்பார்கள் என்று விசாரியுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

நடத்துபவரின் தகுதியையும் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. கோடை முகாம் நடத்துபவர் நல்ல மனிதராக இருக்கலாம். அதற்காக அவர் நடத்துவது சிகிச்சையாகிவிடாது.

அடுத்தது ரகசியம். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அது சிகிச்சை தருபவர்களைத்தான் கட்டுப்படுத்தும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையை அல்ல. ஆகவே "இங்கே பேசியது இங்கேயே இருக்கட்டும்" என்ற வாக்கை முதல் நாளே எல்லோரிடமும் வாங்கும் குழுவே நல்ல குழு. பிள்ளை வரைந்த படமும் இந்த ரகசியத்தில் சேர்ந்ததே. குழுவின் படங்களை விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் போடுவது எனக்குப் பெரும் தவறாகப் படுகிறது. சேர்க்கைப் படிவத்தில் புகைப்பட ஒப்புதல் இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: உள்ளே என்ன பேசினாய் என்று வீட்டில் குடையாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாரேனும் துன்புறுத்துவதாகத் தெரிந்தாலோ ரகசியம் விலகும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. குழுவுக்குள்ளேயே அப்படி நடந்தாலும் இதே சட்டம்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

முன்பணம் வாங்கிக்கொண்டு பாதியில் கைவிட்டாலோ, சொன்ன தகுதி பொய்யாக இருந்தாலோ நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பணம் கட்ட வழியில்லாதவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். 18 வயது வரையிலான பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் இருக்கின்றன. எங்கே போவது என்று புரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். டெலி மனஸ் என்ற அந்தச் சேவை இலவசம். இரவிலும் இயங்கும், தமிழிலும் பேசலாம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், குழுவில் சேர விருப்பமா என்று உங்கள் பிள்ளையிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.