‘தத்தி’ என்ற பட்டம் ஏன்?

தேநீரைக் கொட்டுவார், சப்பாத்துக் கயிறு கட்டத் தடுமாறுவார். ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறங்களில் ‘தத்தி’ என்ற பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும். இது டிஸ்பிராக்ஸியாவாக இருக்கலாம், நேயர்களே! அறிவுக் குறைவல்ல, உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் மூளைக்குள்ள சிரமம். பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு உண்டு. பலருக்கு வளர்ந்த பின்பும் தொடர்கிறது. ஹாரி பாட்டர் நடிகர் டேனியல் ராட்கிளிஃப் தமக்கும் இருப்பதாக 2008இல் சொன்னார்.

பெரியவர்கள் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி, மலாக்கா மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். தடுமாற்றம் திடீரென்று வந்ததென்றால் அது வேறு நோய், தாமதிக்கக் கூடாது. சிறு வயதிலேயே இருந்ததா என்பதுதான் டாக்டரின் முக்கியக் கேள்வி. பழைய பள்ளி ரிப்போர்ட் புத்தகம் உதவும். தோட்டம் துண்டாடப்பட்டு இடம் மாறிய குடும்பங்களில் அது எங்கே இருக்கும்? அம்மாவைக் கூடவே அழைத்துப் போங்கள்.