ஆடிக் காற்றிலும் வியர்க்கும் பிள்ளை

பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று புகுந்து வரும் ஆடி மாதத்தில் கோவையில் பெரியவர்களே துண்டைப் போர்த்திக்கொண்டு நடப்பார்கள். அந்தக் காற்றிலும் ஒரு பிள்ளைக்குச் சட்டை நனைய வியர்த்து, தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும் அடிக்கடி வருமானால், இரத்த அழுத்தத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. குழந்தைகளின் கைக்கு ஏற்ற சிறிய பட்டையைக் கொண்டே அளக்க வேண்டும். பெரியவர்களின் பட்டை சின்னக் கையில் சரியான அளவைக் காட்டாது.

காரணம் பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். மிக அரிதாக, சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி தோன்றி, அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகிய ஹார்மோன்களை அளவின்றிச் சுரந்துகொண்டிருக்கும். ஃபியோகுரோமோசைட்டோமா என்பது அதன் பெயர். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் விட்டுவிட்டு ஏறுவதுண்டு; குழந்தைகளுக்கோ பெரும்பாலும் எந்நேரமும் உயர்ந்தே நிற்கும்.

இதே சுரப்பியின் புறப்பகுதியில் தோன்றும் கட்டி வேறு விதமாகத் தன்னைக் காட்டும். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு மறைவிடத்தில் முடி முளைக்கும்; குரல் தடிக்கும்; முகப்பரு வரும். சில பிள்ளைகளுக்கு முகம் உருண்டு உடல் பருக்கும், ஆனால் உயரம் நின்றுவிடும். "பிள்ளை நல்லாச் சதை போட்டிருக்குது" என்று உறவினர் மெச்சும்போது, சுவரில் குறித்து வைத்த உயரக் கோட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்துகளாலும் களிம்புகளாலும் இதே தோற்றம் வரக்கூடும். ஆகவே வீட்டில் கொடுத்துவரும் மாத்திரை, சூரணம், களிம்பு அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

ஃபியோகுரோமோசைட்டோமாவை உறுதிசெய்ய 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கச் சொல்வதுண்டு. காலையில் முதலில் கழிப்பதைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு துளியும் விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். கேனில் அமிலம் இருக்கலாம். பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கட்டி என்று தெரிந்ததும், "இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தத் தவிப்பை நாங்கள் அறிவோம். ஆனால் இந்தக் கட்டியில் அவசரமே ஆபத்து. மயக்க மருந்து கொடுக்கும்போதும், கட்டியைக் கையால் தொடும்போதும் ஹார்மோன் வெள்ளமாய்ப் பாயும். இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். அதனால்தான் முன்கூட்டியே ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதும் இல்லை. சுருங்கிக் கிடக்கும் இரத்தக் குழாய்களை ஆல்பா தடுப்பு மாத்திரையால் தளர்த்த ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் ஆகும். பிள்ளையின் நிலையைப் பொறுத்து இது நீளவும் கூடும். அந்நாள்களில் தண்ணீரும் உப்பும் தாராளமாகக் கொடுக்கச் சொல்வோம். இரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைக்க வேண்டும் என்றே கேட்டுப் பழகிய பாட்டிமார் இதை எளிதில் நம்புவதில்லை! மாத்திரையால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், மூக்கு அடைக்கலாம். மூக்கடைப்புக்குக் கடையில் மருந்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றுள் சில இரத்த அழுத்தத்தை மேலும் ஏற்றும்.

அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் வரும்: "சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?" இல்லை. இந்நோயுள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஒரு மரபணு மாற்றம் காணப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். சில நேரம் பிள்ளையிடம் புதிதாகவும் தோன்றும். மாமன் மகளை மணந்தது இதற்குக் காரணமன்று. மருமகளைக் குற்றம் சொல்ல இதில் ஏதுமில்லை.

1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 18 வயதுப் பெண்ணொருத்தி இந்நோயால் இறந்ததை ஃபீலிக்ஸ் ஃப்ராங்கெல் என்னும் மருத்துவர் பதிவுசெய்தார். 121 ஆண்டுகள் கழித்து, 2007இல், அவளுடைய உறவினர் வழியில் வாழ்வோரிடம் ரெட் என்னும் மரபணுவின் மாற்றம் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அவள் காலத்தில் இதைச் சொல்ல ஒரு சோதனையும் இருக்கவில்லை. இன்று உண்டு. பிள்ளையிடம் மாற்றம் உறுதியானால், அண்ணன், தங்கை, தாய், தந்தை ஆகியோரையும் சோதனைக்கு அழைப்போம்.

அறுவைக்குப் பின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சட்டென இறங்கக்கூடும் என்பதால் முதல் நாள்களில் பிள்ளை தீவிரக் கண்காணிப்பில் இருக்கும். புறப்பகுதிக் கட்டியை எடுத்த பிள்ளைகளில் சிலருக்கு மற்றச் சுரப்பி விழித்தெழும் வரை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தேவைப்படும். அதை ஒரு வேளையும் நிறுத்தக் கூடாது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் எவ்வளவு கூட்டிக் கொடுப்பது என்பதை, வீடு திரும்பும் முன் எங்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு படியைப் பள்ளி ஆசிரியரிடமும் கொடுத்து வையுங்கள்.