சுராங்கனியைப் பாடியவர் யார்?

கோரிப்பாளையத்திலும் அதை ஒட்டிய தல்லாகுளத்துத் தெருக்களிலும் கல்யாணமோ திருவிழாவோ எது நடந்தாலும், இன்னிசைக் கச்சேரி நள்ளிரவை நெருங்கி, ஜனங்கள் வீட்டுக்குப் புறப்படலாமா என்று யோசிக்கும் தறுவாயில், மேடையிலிருப்பவர் ‘சுராங்கனி’ என்று ஒரு குரல் கொடுத்துவிட்டால், அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டுவதை மதுரையில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் அறிவர். ஆயினும் அதைப் பாடிப் பிரசித்தப்படுத்தியவர் யாரென்று அந்தக் கூட்டத்தில் விசாரித்தால் பெரும்பாலும் மௌனமே பதிலாக வருகிறது.

அவர் ஏ.ஈ. மனோகரன், இலங்கைத் தமிழர், பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று தம் நாட்டில் கொண்டாடப்பட்டவர், இங்கே ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் சினிமாவில் நடிக்கவும் செய்தவர். அங்கே அவருக்குப் பாட்டுகள் பல உண்டு. பாக் ஜலசந்தியைத் தாண்டி இக்கரையில் வேரூன்றியது இந்த ஒன்றுதான்.

சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லும் சிங்களப் பாட்டு அது. 1505-இல் இலங்கையில் கால் வைத்த போர்த்துக்கீசியரும், அவர்களோடு வந்து சேர்ந்த ஆப்பிரிக்க வமிசத்தாரும் விட்டுச்சென்ற ஆட்டப் பாட்டுகளிலிருந்து கிளைத்து, வாலி பஸ்தியான் என்ற போலீஸ்காரர் முதலியோரால் சிங்கள மேடைக்கு வந்த ‘பைலா’ என்னும் வகையைச் சேர்ந்தது. அதன் துள்ளல் நம்முடைய திஸ்ர நடையோடு இசைவது; கும்மியடித்துப் பழகிய கைகளுக்கு அந்நியமாகத் தோன்றாதது. அர்த்தம் தெரியாத பாஷையாக இருந்தும் மதுரை ஜனங்கள் அதை முதல் தடவையிலேயே சொந்தமாக்கிக்கொண்டதற்கு இதுவே மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். 1977-இல் வெளியான ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் குரலிலும் அது ஒலித்தபிறகு, சினிமாவே அதன் பிறப்பிடம் என்ற எண்ணம் பலர் மனத்தில் நிலைத்துவிட்டது.

எனக்குள்ள விசாரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இலங்கை வானொலியைக் காதோடு வைத்துக் கேட்ட தலைமுறைக்கு, பாட்டுக்கு முன்னால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் பெயர்களைத் தெளிவான உச்சரிப்பில் சொல்லும் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் ஒருவகை ஆசிரியர்களாகவே விளங்கினார்கள். பிறகு கேசட் வந்தது. துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் வெற்று நாடாவில் பதிந்து, உறையின் உள்ளட்டையிலே பால்பாயிண்ட் பேனாவால் நெருக்கி நெருக்கி எழுதித் தருவார். ஒரு வரிக்கு ஒரு பாட்டின் முதற்சொல்தான் கொள்ளும். பாடகருக்கு அங்கே இடமில்லை. இன்று கைபேசியில் அரை நிமிஷத் துணுக்காகப் பாட்டு வந்து போகையில் அந்த முதற்சொல்லும் மிஞ்சுவதில்லை.

கர்த்தா மறைந்து ஜனங்களின் பொதுச்சொத்தாவதே ஒரு பாட்டுக்குப் பெருமை என்று சொல்லும் ரசிகர்களும் உண்டு. கர்த்தா யாரென்று அறியவே வழியில்லாத நாட்டுப்பாடலுக்கு அது பொருந்தலாம். நம் காலத்தில் நம்மிடையே வாழ்ந்து, 2018 ஜனவரியில் சென்னையிலே காலமான கலைஞரின் விஷயத்தில் அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மெல்லிசைக் குழுக்களின் அறிவிப்பாளர்கள் அடுத்த சித்திரைக் கச்சேரியில், தாளம் தொடங்குமுன் ஏ.ஈ. மனோகரன் என்ற பெயரை மைக்கில் ஒருதரம் சொல்லவேண்டும்; நன்கொடையாளர் பட்டியலை முழுவதும் வாசிக்கிற மேடையில் அதற்கு அவகாசம் இல்லாமற் போகாது.