ஆழாக்குக் கணக்கும் கிலோக் கணக்கும்

மைசூர்பாகு என்றால் எங்கள் வீட்டில் மாமியாரின் கணக்குத்தான். ஒரு ஆழாக்கு கடலை மாவு, இரண்டு ஆழாக்கு சர்க்கரை, இரண்டு ஆழாக்கு நெய். "தலை தட்டி அளக்கணும்மா, கும்பாரமா எடுக்காதே" என்பார்.

நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது. மாமியாரால் இப்போது அடுப்படியில் நின்று கிளற முடியாது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் பாகு முறிந்தால் மானம் போய்விடும். நெய் விற்கிற விலையில் இரண்டாவது தடவை கிளறவும் முடியாது. என் கணவர் மளிகைச் சீட்டு எழுத உட்கார்ந்தார். "ஒரு கிலோ மாவு, ரெண்டு கிலோ சர்க்கரை, ரெண்டு கிலோ நெய், அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான் இல்லை. ஆழாக்கு என்பது கொள்ளளவு, கிலோ என்பது எடை. வீட்டில் சின்ன எலக்ட்ரானிக் தராசு இருந்தது. ஆழாக்கை அதில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து முதலில் தண்ணீர் ஊற்றினேன். 200 கிராம். தண்ணீர் ஒரு மில்லிக்கு ஒரு கிராம் என்பதால், எங்கள் ஆழாக்கு 200 மில்லி என்று தெரிந்துவிட்டது. (பழைய ஆழாக்கு 168 மில்லி என்பார்கள். உங்கள் வீட்டு ஆழாக்கையும் இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்.) பிறகு ஒவ்வொன்றாக நிறுத்தேன். சர்க்கரை சுமார் 170 கிராம், நெய் சுமார் 180. சலித்த கடலை மாவோ 95 கிராம்தான்! அதையே தட்டித் தட்டி அமுக்கினால் இருபது கிராமுக்கு மேல் கூடுகிறது. மாமியார் எப்போதும் சலித்த பிறகுதான் அளப்பார், அதனால் 95-ஐயே வைத்துக்கொண்டேன்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். ஒரு கிலோ கடலை மாவு பத்தரை ஆழாக்கு. அதற்கு இருபத்தோரு ஆழாக்கு சர்க்கரை, அதாவது மூன்றரை கிலோவுக்கு மேல். நெய்யும் இருபத்தோரு ஆழாக்கு, நாலு லிட்டரும் கொஞ்சமும். அவர் எழுதிய சீட்டுப்படி வாங்கியிருந்தால் நெய் பாதிதான் இருந்திருக்கும். "இத்தனை நெய்யா!" என்று அவர் மலைத்ததும், மாவை அரைக் கிலோவாகக் குறைத்து மற்றதையும் பாதியாக்கிச் சீட்டெழுதினோம். துண்டு சின்னதாகப் போட்டதில் எல்லோருக்கும் வந்தது.

எண்ணெய் வாங்கும்போது பாக்கெட்டைப் பாருங்கள், ஒரு லிட்டர் என்றும் 910 கிராம் என்றும் இரண்டும் அச்சடித்திருக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது தண்ணீருக்குத்தான் பொருந்தும். 1956-லேயே மெட்ரிக் எடை அளவைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நம் பாட்டிமார் சமையல் இன்னும் படியிலும் ஆழாக்கிலும்தான் இருக்கிறது. படியிலும் பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஒன்று!

மாமியார் சொல்லச் சொல்ல ரவை லாடு, முறுக்கு, பொரிவிளங்காய் எல்லாவற்றையும் கிராமில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நாத்தனாருக்கும் ஒரு நகல் போயிற்று. அதிரசம் மட்டும் தாளில் ஏறவில்லை. நிழலில் உலர்த்திய ஈர அரிசி மாவு, ஈரத்தைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் ஒரு எடை காட்டுகிறது. அதற்கு மட்டும் இன்னும், "அத்தை, கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க" என்று அவர் கையில்தான் கொடுக்கிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி