எந்த லென்ஸ் வாங்கலாம்?

தை அறுவடை முடிந்த கையோடு நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தான். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமம் அவர்களுக்கு. நெல் விற்ற பணத்தில் தகப்பனார் அவனுக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருந்தார்.

"மாமா, காமிரா இருக்கிறது. இன்னொரு லென்ஸ் வாங்க வேண்டும். எது வாங்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான். கையில் விலைப் பட்டியல். அதிலே இருப்பதற்குள் நீளமான, விலையும் உயர்ந்த ஒரு லென்ஸுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தான்.

"எதைப் படம் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"எல்லாவற்றையும்தான்!" என்றான்.

இந்தப் பதிலைக் கேட்டால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம், வாங்குகிறவருக்குத் திண்டாட்டம். லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. எங்கே நின்று படம் எடுக்க முடியும்? அந்தப் படம் எதற்குப் பயன்பட வேண்டும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் லென்ஸ் தானாகவே தெரிந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அவனையும் அங்கேயே அழைத்துப் போனேன்.

எண்களின் பொருள்

லென்ஸின் மேல் 24, 50, 85, 200 என்று எண்கள் பொறித்திருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் அது குவியத் தூரம். எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். பெரியதாக இருந்தால் குறுகலாகப் பார்த்துத் தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும். பழைய பிலிம் அளவான 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர் பரப்புள்ள காமிராவில் 50 எண் லென்ஸ் நடுத்தரமானது. இப்போது பலரிடம் இருக்கும் சிறிய பரப்புள்ள காமிராக்களில் அதே 50, சுமார் 75 போல நடந்துகொள்ளும். ஆகவே அவர்களுக்கு 35 எண் லென்ஸ்தான் நடுத்தரம். இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தைக் கொட்டியவர்கள் அநேகர்.

நடந்து தீர்க்கும் கணக்கு

பெரிய கோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 200 அடி. அருகே நின்று காமிராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோலப் படத்தில் தெரியும். ராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டில் முடித்த கோயில் ஆயிரம் ஆண்டாகச் சாயவில்லை. சாய்வது நம் காமிராதான்!

சாயாமல் எடுக்க வேண்டுமானால் காமிராவைக் கண் மட்டத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். நெட்டுக்குத்தாகப் பிடித்தால் படப் பரப்பின் உயரம் 36 மில்லிமீட்டர். அதில் கண் மட்டத்துக்கு மேலே உள்ளவை மேற்பாதியான 18 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். இனி வெறும் மும்மடிக் கணக்கு. 200-ஐ 18-ஆல் வகுத்து, லென்ஸின் எண்ணால் பெருக்குங்கள். 50 எண் லென்ஸுக்கு ஏறத்தாழ 555 அடி தள்ளி நிற்க வேண்டும். 24 எண் லென்ஸுக்கு 267 அடி போதும்.

கோயிலின் திருச்சுற்று ஏறக்குறைய 800 அடி நீளம், 400 அடி அகலம். விமானத்தின் மையத்திலிருந்து வடக்கு மதிலுக்கோ தெற்கு மதிலுக்கோ 200 அடிதான். அங்கே 24 எண் லென்ஸ்கூடப் போதாது. ஆனால் அப்படியே கிழக்கே நடந்து தென்கிழக்கு மூலைக்குப் போய்ப் பாருங்கள். 500 அடிக்கு மேல் தூரம் கிடைக்கும். மரமும் சிறு சந்நிதியும் மறைக்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டால், சாதாரண 50 எண் லென்ஸிலேயே விமானம் நெட்டுக்குத்தாக, கம்பீரமாக வந்து உட்காரும். தை, மாசியில் காலை வெயிலும் முதுகுப் பக்கம் வந்துவிடும். படத்தின் கீழ்ப்பாதியில் வெறும் தரை இருக்கிறதே என்றால் பிற்பாடு வெட்டிவிட்டால் போகிறது.

பையன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, நூறடி நடந்தான், திரும்பிப் பார்த்தான், இன்னும் நூறடி நடந்தான். "மாமா, நடக்கிறதுக்குக் காசு இல்லையே!" என்று சிரித்தான்.

21 துண்டுகளில் ஒரு சுவர்

தள்ளி நிற்க இடமே இல்லாவிட்டால்? அந்தச் சிக்கலையும் இதே கோயிலில் ஒருவர் தீர்த்துக் காட்டியிருக்கிறார்.

லின்னேயஸ் டிரைப் என்பவர் ராணுவத்தில் காப்டன். 1856-இல் சென்னை ராஜதானி அரசாங்கம் அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-இல் தஞ்சைக்கு வந்தார். பெட்டி போன்ற பெரிய காமிரா. மெழுகு பூசிய காகிதமே பிலிம். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் படமாக்க அவர் விரும்பினார். முழுச் சுவரும் தெரியும்படி தள்ளி நின்றால் எழுத்து தெரியாது. எழுத்து தெரியும்படி நெருங்கினால் சுவர் அடங்காது.

டிரைப் என்ன செய்தார்? சுவரிலிருந்து ஒரே தூரத்தில் காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைத்துத் துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாகக் கல்வெட்டு விரிந்தது! லென்ஸால் ஆகாததைப் பொறுமை சாதித்தது.

விமானத்தின் உள்ளே, கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட வழியில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். உயரமான சுவர், குறுகிய வழி. ஓர் ஓவியத்தை முழுதாக ஒரே படத்தில் அடக்கும் அளவுக்குப் பின்னால் போக இடம் கிடையாது. தொல்லியல் துறையினர் அண்மைக் காலத்தில் அவற்றைப் பகுதி பகுதியாக எடுத்துக் கணிப்பொறியில் இணைத்தே முழு ஓவியத்தையும் நமக்குக் காட்டினார்கள். டிரைப் பசை தடவிச் செய்ததை இவர்கள் கணிப்பொறியால் செய்தார்கள். உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரையோ நீளமான பழைய வரைபடத்தையோ எடுக்கவும் இதுவே வழி. காமிராவைத் திருப்பாதீர்கள், நகர்த்துங்கள். ஒவ்வொரு படமும் முந்தியதன் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கட்டும்.

துணைக் கருவிகள்

இரண்டாவது லென்ஸுக்கு முன்னால் வாங்க வேண்டியது நல்ல முக்காலி. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் ஒரு விநாடி, இரண்டு விநாடி திறந்து வைத்தால்தான் படம் தெளிவாக விழும். கையில் பிடித்தால் நாம் மூச்சு விடுவதுகூடப் படத்தில் தெரியும். பொத்தானை விரலால் அழுத்தாமல், காமிராவிலேயே உள்ள இரண்டு விநாடித் தாமத வசதியைப் பயன்படுத்துங்கள். வயல் வரப்பில் முக்காலி வைத்தால் சேற்றில் மெள்ள இறங்கும். கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வைப்பது நல்லது. தொல்லியல் துறைக் கோயில்களில் முக்காலிக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கூரை. வெயிலில் நாம் புருவத்துக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பதில்லையா? அதே வேலைதான். விலை குறைவு, பலன் அதிகம்.

போலரைசர் என்ற வடிகண்ணாடி நம் வயல்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். நாற்று நட்ட வயலில் தண்ணீர் பளபளத்துப் பயிரை மறைக்கும். கண்ணாடியை மெதுவாகத் திருப்பினால் பளபளப்பு அடங்கிப் பச்சை தெரியும். இதனால் வெளிச்சம் பாதிக்கும் கீழே குறைந்துபோகும். அதற்கேற்ப அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். தண்ணீர், இலை, கண்ணாடி இவற்றின் பளபளப்பைத்தான் இது அடக்கும். செம்பு, வெண்கலம் போன்ற உலோகத்திடம் இதன் ஜம்பம் சாயாது. அங்கே வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, அதன் வழியே பக்கவாட்டில் வெளிச்சம் வரும்படி செய்வதே சிறந்தது.

ஐப்பசி அடைமழையின் எதிரி

டெல்டாவில் லென்ஸுக்கு எதிரி பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறும்போது, தோல் உறைக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போலப் படரும். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் பிறகு துடைத்தும் பயனில்லை. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் வைக்கவே கூடாது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நீல நிறச் சிலிக்கா ஈரம் குடித்ததும் வெளிறி இளஞ்சிவப்பாகும். மிதமான சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். சிலர் அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கச் சொல்வார்கள். நெல்லுக்குப் பேர்போன சீமையில் அரிசியைக் குறை சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். அதன் மாவுத் தூள் லென்ஸின் இடுக்குகளில் புகுந்துவிடும், வேண்டாம்.

நாடு திரும்பிய நடராஜர்

படம் எதற்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்வி மீதமிருக்கிறது. கோயில் வாசலில் உட்கார்ந்து பையனுக்கு இரண்டு கதைகள் சொன்னேன். இரண்டும் நடந்தவை.

அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணைத் தோண்டிய ஒரு தொழிலாளியின் கையில் நடராஜர் கிடைத்தார். திருமேனி கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்விட்டது. 1982-இல் லண்டன் போலீசார் அதைக் கைப்பற்றினார்கள். பல நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்தவருக்குப் பழைய புகைப்படம் ஏது? ஒட்டியிருந்த மண்ணையும், பத்தூரிலேயே கிடைத்த மற்றத் திருமேனிகளையும் ஒப்பிட்டு நிபுணர்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. வழக்கு நீண்டு, 1991-இல்தான் நடராஜர் நாடு திரும்பினார்.

இன்னொருவர் கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர். அவரைத் திருடிக் கடத்திவிட்டார்கள். 2008-இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அவரை வாங்கியது. ஆனால் இவருக்குப் படம் இருந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களிலிருந்தே ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் திருமேனிகளையும் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. 1990-களில் எடுத்த ஸ்ரீபுரந்தான் படத்தையும் கலைக்கூடத்துப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே திருமேனி என்பது விளங்கிவிட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டில்லிக்கு வந்து நடராஜரை ஒப்படைத்தார்.

இப்படிச் சாட்சி சொல்லும் படத்துக்கு எந்த லென்ஸ்? நான்கடி உயரத் திருமேனியை மூன்றடி தூரத்தில் 24 எண் லென்ஸால் எடுத்தால் முன்னால் நீட்டிய கை பெருத்து, பின்னால் உள்ள திருவாசி சிறுத்துவிடும். உருவத்தைக் கெடுப்பது நெருக்கம். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 50 எண் லென்ஸுக்கு 7 அடியும், 85 எண் லென்ஸுக்கு 12 அடியும் வேண்டும். சிறிய மண்டபத்தில் 12 அடி கிடைப்பது அரிது. ஆகவே 50 எண்ணே போதும். லென்ஸ் திருமேனியின் நடு உயரத்துக்கு நேராக இருக்கட்டும். முன்புறம், பின்புறம், இரு பக்கம், பீடம், வெட்டுக் காயம் இருந்தால் அது என்று தனித்தனியே எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துவிட்டால் உயரத்துக்கும் சாட்சி ஆயிற்று.

பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் ஊர்ப் பெருமாளுக்குப் படமே கிடையாது, மாமா. உற்சவருக்கும் இல்லை" என்றான்.

நீண்ட லென்ஸ் வாங்கும் யோசனையைக் கைவிட்டான். அவனிடம் இருந்த காமிரா முழுப் பரப்புள்ளது. அதற்கு 50 எண் லென்ஸ், ஒரு முக்காலி, சிலிக்கா ஜெல் வாங்கினான். மிச்சப் பணத்தைத் தகப்பனாரிடம் திருப்பிக் கொடுத்தானாம். கோயில் நிர்வாக அதிகாரிக்கு முறைப்படி மனு எழுதி அனுமதி பெற்று, பட்டாசாரியார் முன்னிலையில் ஒரு நாள் முழுவதும் இருந்து எடுத்தான். பிரதி ஒன்று கோயில் அலுவலகத்தில், ஒன்று கிராமத்துப் பெரியவரிடம். ஒவ்வொன்றின் பின்னாலும் திருமேனியின் பெயர், உயரம், எடுத்த தேதி எழுதியிருக்கிறான்.

உங்கள் ஊர்க் கோயிலில் அப்படி ஒரு படம் இருக்கிறதா? வருகிற உற்சவத்துக்கு ஊருக்குப் போகும்போது விசாரித்துப் பாருங்கள்.