கபிலைக் கரையும் கழிவுநீரும்

உதகையிலிருந்து கூடலூர், குண்டலுப்பேட்டை வழியாக மைசூருக்குச் செல்வோர், அந்நகரை அடைவதற்குச் சுமார் 25 கிலோமீட்டர் முன்னதாகக் கபிலை ஆற்றைக் கடப்பர். அவ்வாற்றங்கரையில் அமைந்த திருத்தலமே நஞ்சன்கூடு. நஞ்சு என்னும் சொல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவானது. ஆலகால நஞ்சை உண்ட பெருமான் ஸ்ரீகண்டேசுவரர் என்னும் திருநாமத்துடன் இங்கே கோயில் கொண்டிருப்பதால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். பங்குனியில் நடைபெறும் பெரிய தேர்த் திருவிழாவின்போது ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. கபிலையில் நீராடிக் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தில் தமிழ்க் குரல்களும் கேட்கும்.

இத்தகைய புண்ணியத் தலத்தைக் குறித்துப் பேச வந்துவிட்டு, அதன் சாக்கடையைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. 2018-ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்திய ஆறுகளில் மாசடைந்த பகுதிகள் என 351 பகுதிகளைப் பட்டியலிட்டது. கர்நாடக மாநிலத்திலிருந்து அதில் இடம்பெற்றவை 17. நஞ்சன்கூடு முதல் ஹெஜ்ஜிகெ வரையிலான கபிலையும் அவற்றுள் ஒன்று. நாம் மூழ்கி எழும் படித்துறையை ஒட்டிய நீரே அது.

கபிலை, கபினி என்னும் இரண்டு பெயர்களும் ஓர் ஆற்றையே குறிக்கும். வயநாட்டில் தோன்றி வரும் இந்த ஆறு, நஞ்சன்கூட்டைக் கடந்து, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியுடன் கலக்கிறது. அக்கூடலுக்குக் கீழேதான் பெங்களூர் மாநகருக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது. அதற்கும் கீழே மேட்டூர், ஈரோடு, திருச்சி, தஞ்சை. ஆகவே நஞ்சன்கூட்டு நகரசபை கழிவுநீரைக் குறித்து எடுக்கும் முடிவு அவ்வூராருக்கு மட்டும் உரியதன்று. பெங்களூரில் வாழும் தமிழருக்கும், அவர்கள் ஊரில் விட்டுவந்த பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு நகரம் எவ்வளவு கழிவுநீரை உண்டாக்குகிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நஞ்சன்கூட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 50,000. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது பொறியியலார் கொள்ளும் அளவு. அதில் பத்தில் எட்டுப் பங்கு கழிவுநீராக வெளியேறும். இந்த அளவில் நீர் வழங்கப்பட்டால் நாள்தோறும் 54 லட்சம் லிட்டர் கழிவுநீர் சேரும். திருவிழா நாட்களில் வந்து கூடும் யாத்திரிகர்களை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை.

இந்நீர் செல்ல வேண்டிய வழி யாது? வீட்டிலிருந்து சிறு குழாய் வழியாகத் தெருக் குழாயை அடையும். தெருக் குழாய்கள் சரிவாகப் பதிக்கப்படுவதால் நீர் தானாகவே தாழ்ந்த இடத்தை நோக்கி ஓடும். இடையிடையே மேன்ஹோல் என்று வழங்கும் ஆளிறங்கு குழிகள் இருக்கும். மிகத் தாழ்ந்த இடத்தில் சேரும் நீரை மின்விசைப் பம்புகள் மேலேற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும். அங்கே முதலில் கம்பி வலைகள் துணி, காகிதம் போன்றவற்றைத் தடுத்து நிறுத்தும். அடுத்து மணல் படியும். அதன்பின் நுண்ணுயிர்கள் தம் வேலையைத் தொடங்கும். அவை பிராணவாயுவின் துணைகொண்டு நீரில் கரைந்துள்ள அழுக்கை உண்டு தீர்க்கும். எஞ்சிய சேறு படிந்து பிரிந்தபின், தெளிந்த நீர் கிருமி நீக்கப்பட்டு வெளியேறும். இந்த அமைப்பு முழுவதையும் கர்நாடகத்தில் ஒளச்சரண்டி என்பர். நகரசபை அறிவிப்புகளில் இச்சொல்லைக் காணும் நம்மவர், அது பாதாளச் சாக்கடையே என்று அறிந்துகொள்ளலாம்.

சுத்திகரிப்பதால் விளையும் நன்மையையும் எண்களால் அறியலாம். நீரிலுள்ள அழுக்கைச் சிதைப்பதற்கு நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவைச் செலவிடும் என்பதைக் கொண்டு அழுக்கை அளக்கிறார்கள். நீராடத்தக்க ஆற்றில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டலாகாது. வீட்டுக் கழிவுநீரிலோ 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். அதனை 250 என்று கொள்வோம். அத்தகைய நீர் ஒரு லிட்டரை அப்படியே ஆற்றில் விட்டால், அதை நீராடத்தக்கதாக்க, அழுக்கே இல்லாத நீர் 80 லிட்டருக்கு மேல் வந்து கலக்க வேண்டும். சுத்திகரித்து 30 மில்லிகிராமாகக் குறைத்தபின் விட்டால் 9 லிட்டர் போதும். மழைக்காலத்தில் நிறைந்தோடும் கபிலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். கோடையில் அணையிலிருந்து வரும் நீர் குறையும்போது ஆறு என்ன செய்யும்?

இனி, இவற்றையெல்லாம் முடிவு செய்வோர் யார் என்பதைப் பார்ப்போம். 1992-ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், நீர் வழங்கலையும் பொதுச் சுகாதாரத்தையும் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளாகக் குறித்தது. கர்நாடகத்தில் 1964-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின்கீழ் நகரசபைகள் இயங்குகின்றன. பெரிய குழாய்களையும் நிலையங்களையும் அமைத்துத் தரும் பொறுப்பைப் பெரும்பாலும் மாநிலத்தின் நகர நீர் வழங்கல் வடிகால் வாரியம் ஏற்கிறது. கட்டி முடித்தபின் நாள்தோறும் நடத்தும் சுமை நகரசபையின் தோள்மேல் இறங்குகிறது.

இவ்விடத்தில்தான் கட்டணம் என்னும் கேள்வி எழுகிறது. சாக்கடைக்கு ஆகும் செலவு இருவகைப்படும். குழாய் பதிப்பதும் நிலையம் கட்டுவதும் ஒரு முறை ஆகும் செலவு. மானியமும் கடனும் அதற்குக் கிடைக்கும். பம்புக்கு மின்சாரம், பணியாளருக்கு ஊதியம், பழுதுபார்ப்பு, சேற்றை அகற்றுதல் ஆகியவை என்றும் ஓயாத செலவு. இதற்கு மானியம் எளிதில் வாராது. கட்டிடத் திறப்பு விழாவுக்கு மாலையுடன் வருவோர், மின்கட்டணம் செலுத்த வேண்டிய மாதத்தில் வருவதில்லை. பணம் இல்லையெனில் முதலில் பம்பு நிற்கும். பம்பு நின்றால் கழிவுநீர் குழிகளில் பொங்கித் தெருவில் ஓடும்; அல்லது மழைநீர்க் கால்வாயைப் பிடித்து ஆற்றுக்குப் போய்ச் சேரும். குழாயும் இருக்கும், நிலையமும் இருக்கும், ஆறு மட்டும் முன்போலவே கெடும்.

கட்டணம் விதித்தால் மக்கள் எதிர்ப்பார்கள் என்று நகரசபை அங்கத்தினர் அஞ்சுவது இயல்பே. ஆனால் அவ்வச்சம் எங்கும் உண்மையாகிவிடுவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. சென்னையை அடுத்த ஆலந்தூர், 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணையும்வரை தனி நகராட்சியாக இருந்தது. அங்கே வீடுதோறும் மலத்தொட்டிகளே இருந்தன. 1990-களின் இறுதியில் அந்நகராட்சி, ஏறத்தாழ 34 கோடி ரூபாய் மதிப்பில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வகுத்தது. குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டித் திட்டத்தையும் செலவையும் விளக்கியது. வீட்டுக்கு 5,000 ரூபாயும், வணிக, தொழில் நிறுவனங்களுக்கு 10,000 ரூபாயும் முன்பணமாகக் கேட்டது. வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம் என்று முன்கூட்டியே சொல்லிற்று. தெருவில் ஒரு குழாயும் பதியாத நிலையிலேயே பல்லாயிரம் குடும்பங்கள் பணம் கட்டின. அரசு நிதி நிறுவனத்தின் கடனும் மானியமும் சேர்ந்தன. சுத்திகரிப்பு நிலையத்தை ஒரு தனியார் நிறுவனம் தன் முதலில் கட்டி, சுத்திகரிக்கும் நீரின் அளவுக்கு ஏற்பப் பணம் பெற்றது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை சில ஆண்டுகளில் பயன் தந்தது.

ஆலந்தூரின் தொகைகளை நஞ்சன்கூட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளுதல் பொருந்தாது. அதன் முறையை எடுத்துக்கொள்ளலாம். எதற்காக, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதை மறைக்காமல் சொன்னால் மக்கள் கொடுப்பார்கள் என்பதே அம்முறை. சாக்கடைக் கட்டணத்தை மற்ற வரவுகளுடன் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்து ஆண்டுதோறும் வெளியிட்டால் நம்பிக்கை இன்னும் வலுப்பெறும்.

கட்டணத்தில் நியாயமும் வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்றால் வசூலிப்பது எளிது. ஆனால் ஓரறைக் குடித்தனமும் தங்கும் விடுதியும் சமமாகிவிடும். வீட்டு வரியின் மதிப்பை ஒட்டி விதித்தால் ஏழைக்குச் சுமை குறையும். செலவாகும் நீரின் அளவை ஒட்டி விதிப்பது எல்லாவற்றிலும் பொருத்தமானது. அதற்கு மீட்டர் வேண்டும். எம்முறையாயினும் தொடக்க இணைப்புத் தொகையைத் தவணையாகப் பெறுவது நலம். ஏனெனில் வீட்டு இணைப்பு இல்லாத தெருக் குழாய் வெறுங்குழாயே. இணைப்புப் பெறாத வீட்டின் கழிவு திறந்த கால்வாயில் விழுந்து ஆற்றை அடையும். நாமும் வாடகை வீட்டில் இருப்போராயின், இது வீட்டுக்காரர் விவகாரம் என்று எண்ணி விலகிவிடுகிறோம். வாடகையுடன் சேர்த்து அக்கட்டணத்தைச் செலுத்துபவர் நாமே என்பதை மறந்துவிடுகிறோம்.

பணம் தரப்படாத சாக்கடையின் மிகக் கொடிய விளைவு ஒன்றுண்டு. அடைப்பு நேர்ந்தால் அதை இயந்திரத்தால் அகற்ற வேண்டும். இயந்திரம் வாங்கவும் ஓட்டவும் நிதி இல்லாத இடத்தில் மனிதன் இறக்கப்படுகிறான். குழியில் தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு சில நிமிடங்களில் உயிரைப் போக்கிவிடும். காப்பாற்ற இறங்கியவரும் அதே குழியில் மடிந்த நிகழ்ச்சிகள் பல. பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. இவ்வாறு இறப்போர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. கர்நாடகத்தில் பௌரகார்மிகர் என்று அழைக்கப்படும் துப்புரவுப் பணியாளரின் உயிரும் நாம் செலுத்தும் சிறு கட்டணத்தோடு பிணைந்திருக்கிறது.

நிதி இல்லை என்று சொல்லி நகரசபை தப்பிக்கொள்ள முடியுமா? முடியாது என்று 1980-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில், திறந்த சாக்கடையின் நாற்றம் தாங்காத மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். கையில் பணமில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம், சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நிதி திரட்டும் விதிகளை உள்ளாட்சிகள் வகுக்க வேண்டும் என்றும், வகுக்கும்வரை செலவை மாநில அரசு தாங்க வேண்டும் என்றும் கூறிற்று.

நஞ்சன்கூட்டுக்கே உரிய இரண்டு செய்திகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று வெள்ளம். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் கபினி அணையிலிருந்து மிகுதியான நீர் திறக்கப்பட்டபோது ஆற்றங்கரைப் பகுதிகளில் நீர் புகுந்தது. அத்தகைய இடத்தில் ஆளிறங்கு குழிகளும் நீரேற்று நிலையங்களும் வெள்ள மட்டத்துக்கு மேலே அமைய வேண்டும். மற்றொன்று தொழிற்சாலைகள். அவற்றின் இரசாயனக் கழிவு வீட்டுக் கழிவுநீருடன் கலந்தால், சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்கள் மடிந்து வேலையே நின்றுவிடும். ஆகவே தொழிற்சாலைக் கழிவைத் தனியே சுத்திகரிக்க வேண்டும். அதைக் கண்காணிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை.

அயல் மாநிலத்தில் வாழும் நாம் இதில் என்ன செய்யக்கூடும்? வாழும் ஊரிலேயே வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். வார்டு உறுப்பினரிடம், நம் தெருவின் குழாய் எந்த நிலையத்தைச் சேர்கிறது, அந்நிலையம் இன்று ஓடுகிறதா என்று கேட்கலாம். பதில் கிடைக்காவிடில் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். அதற்குக் கன்னடம் தெரிந்த பக்கத்து வீட்டாரின் துணையை நாடலாம். அவரும் அதே நீரைத்தானே குடிக்கிறார்! துணியையும் நெகிழிப் பைகளையும் கழிப்பறையில் இடாதிருப்பதும், கட்டணத்தைத் தவணை தவறாமல் செலுத்துவதும் நம் கையில் உள்ளவை.

அடுத்த பங்குனியில் நம்மவர் பலர் கபிலையில் நீராடச் செல்வர். கரையேறித் தேர் காணப் புறப்படும்முன், ஆற்றில் வந்து விழும் கால்வாய் எதுவும் அருகில் உண்டா என்று ஒருகணம் திரும்பிப் பார்த்தால் நன்று. உண்டாயின், அதில் வருவது என்ன நீர் என்று நகரசபையைக் கேட்பதற்கு, அவ்வூரில் பிறந்தவர்க்குள்ள உரிமை அங்கே வாழ வந்தவர்க்கும் உண்டு.