ஏழாம் வகுப்பை எங்கே படித்தீர்கள்?

கொரியா வாத்தியார் வேலை பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். வத்தலக்குண்டு, நத்தம், ஒட்டன்சத்திரம், சின்னாளபட்டி என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பாதிப்பேர் பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்பவர்கள். எல்லாவற்றுக்கும் மூலம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு மஞ்சள் நோட்டீஸ். கொரிய அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை, தங்குமிடம் இலவசம், இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்கிறது. அடியில் ஒரு செல் நம்பர் மட்டும். கம்பெனி பெயரையும் காணோம், லைசென்ஸ் எண்ணையும் காணோம்.

நோட்டீஸ் முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். அதில் கால்வாசி உண்மை இருக்கிறது.

தென்கொரியக் கல்வித் துறை 1995-ல் 'எபிக்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுத்து அரசுப் பள்ளிகளில் அமர்த்துவது அதன் வேலை. 1997-ல் அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பாடமாக வந்ததும் ஆள் தேவை கூடியது. தேவைப்பட்டவர்களை அரசு அழைக்கும் பெயர் 'வொனொமின்'. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்று பொருள் சொல்வார்கள். ஒருவர் வொனொமினா இல்லையா என்பதை அவர் பேச்சைக் கேட்டு முடிவு செய்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விதியைப் படித்த பிறகுதான் தெரிந்தது, முதலில் பார்ப்பது பாஸ்போர்ட்டை.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். அதுவும் போதாது. ஏழாம் வகுப்பு முதல் அந்த நாட்டிலேயே படித்து, குறைந்தது 10 ஆண்டு அங்கே வசித்திருக்கவும் வேண்டும்.

இந்த ஏழாம் வகுப்பு விதியை விட்டு என்னால் நகர முடியவில்லை. நத்தத்திலிருந்து ஒரு குடும்பம் டொராண்டோவுக்குக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்வோம். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு, இளையவன் ஐந்தாம் வகுப்பு. இருவரும் கனடாவில் பட்டம் வாங்குகிறார்கள், கனடா பாஸ்போர்ட்டும் வாங்குகிறார்கள். கொரிய அரசின் கணக்கில் இளையவன் தாய்மொழி ஆங்கிலக்காரன், மூத்தவன் இல்லை. வீட்டில் இருவருக்கும் ஒரே அம்மா, ஒரே தமிழ்!

இன்னொன்று. 1860 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டர்பனில் இருக்கிறார்கள். ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளியிலிருந்து கடிதம் காட்டினால் அவர்களுக்கு எபிக்கில் இடமுண்டு. கப்பலேறாமல் ஊரிலேயே நின்ற பங்காளி வீட்டுப் பேரனுக்கு இல்லை. பள்ளிக்கூடமே ஆங்கிலத்தில் நடக்கும் சிங்கப்பூரும் பட்டியலில் இல்லை. மொழித் திறமைக்கான விதி என்று அதிகாரிகள் சொல்லலாம். எனக்கு இது தேசங்களைத் தரம் பிரிக்கும் விதியாகத்தான் தெரிகிறது.

இந்த ஏழு நாட்டுக்காரர் என்ன படித்திருக்க வேண்டும்? ஏதாவது ஒரு பட்டம். புவியியலானாலும் சரி, வணிகவியலானாலும் சரி, கூடவே ஆங்கிலம் கற்பிப்பது பற்றி 100 மணி நேரச் சான்றிதழ் படிப்பு இருந்தால் போதும். வகுப்பில் பொறுப்பு கொரிய ஆசிரியருக்குத்தான். வந்தவர் பக்கத்தில் நின்று கூட நடத்துபவர்.

இனி நம் கதைக்கு வருவோம். இந்தியாவும் தென்கொரியாவும் 2009 ஆகஸ்ட் 7-ல் கையெழுத்திட்ட விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கார் உதிரிபாகத்துக்கும் சுங்க வரிக்குமான ஒப்பந்தம் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அதன் பின்னிணைப்பில் இந்தியர் கொரியாவுக்குப் போய் வேலை பார்க்கக்கூடிய 163 தொழில்கள் வரிசையாக இருக்கின்றன. கம்ப்யூட்டர்காரர், இன்ஜினீயர் கூட்டத்தின் நடுவே ஒரு வரி: தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியர். நோட்டீஸின் கால்வாசி உண்மை இந்த வரிதான்.

இந்த வழியில் போகும் இந்தியர் பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் காட்ட வேண்டும். நம் ஊர்க் கணக்கில் ஆங்கிலப் பட்டமும் பி.எட்.டும். அதாவது, ஏழு நாட்டுக்காரரிடம் கேட்காத ஆசிரியர் படிப்பை நம்மிடம் கேட்கிறார்கள். அதைக் கொடுத்த பிறகும் பெயர் 'துணை' ஆசிரியர். உண்மையில் அங்கே எல்லாருமே துணைதான். 

ஒப்பந்தம் செய்வது விசா வாசலைத் திறந்து வைப்பது மட்டும். இடம் கொடுப்பது அந்தந்த மாகாண, மாநகரக் கல்வி அலுவலகம். ஏழு நாட்டுக்காரர் வரிசையில் நிற்கும்போது வத்தலக்குண்டு விண்ணப்பத்தை யார் முதலில் பிரிப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். போதாக்குறைக்கு, 2010-களில் சியோல் போன்ற இடங்களில் பட்ஜெட்டைக் காட்டி வெளிநாட்டு ஆசிரியர் இடங்களையே குறைத்தார்கள்.

ஒன்றை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்த வரியில் இருப்பது பள்ளிகள் மட்டும். 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் டியூஷன் சென்டர்கள் அதில் இல்லை. அரசுப் பள்ளி என்று பேசி, கடைசி நேரத்தில் டியூஷன் சென்டர் என்று எவராவது மாற்றினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் உட்காரவே வேண்டாம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

என்ன விசா? இ-2. விண்ணப்பிப்பது சென்னையில்.

கொரிய மொழி? கட்டாயமில்லை.

சம்பளம்? எபிக்கில் மாதம் 20 லட்சம் வொன்னுக்கு மேல். ஒரு வொன் சுமார் 6 பைசா என்று பெருக்கிக்கொள்ளுங்கள். வாரம் 22 பாடவேளை, வீடு இலவசம்.

போலீஸ் சான்று? உள்ளூர் ஸ்டேஷன் கடிதம் செல்லாது. மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி. வேண்டும்.

அப்போஸ்டில்? பட்டத்துக்கும் பி.சி.சி.க்கும் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அமைச்சகம் நியமித்த ஏஜென்சிகள் வழியாகக் கொடுக்கலாம். அரசுக் கட்டணம் 50 ரூபாய். மீதியெல்லாம் ஏஜென்சியின் சேவைக் கட்டணம்.

மருத்துவப் பரிசோதனை? போதைப்பொருள் சோதனை உண்டு. எச்.ஐ.வி. சோதனை இருந்தது, நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐ.நா. குழுவிடம் புகார் செய்து 2015-ல் வென்ற பிறகு, 2017-ல் கைவிட்டார்கள்.

கொரியாவில் ஃபேக்டரி வேலைக்கான இ-9 விசா? இலங்கை, நேபாளம், வங்கதேசம் பட்டியலில் உண்டு. இந்தியா இல்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஒருவரிடம் அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான்; ரசீதும் தர வேண்டும். மஞ்சள் நோட்டீஸ்காரர் முன்பணமாகவே இதைவிட அதிகம் கேட்டதாக மூன்று கடிதங்களில் இருக்கிறது. பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் வராவிட்டால் அந்த செல் நம்பரை எடுத்துக்கொண்டு போலீஸுக்குப் போங்கள்.